திருவிழா டோர்னமென்ட்டில் விசில் பிடிக்கிறவர்களுக்கும் கமிட்டிக்காரர்களுக்கும்

மாசியில் பாலாற்றங்கரை மயானக் கொள்ளை முடிந்ததிலிருந்து ஆடியில் கூழ் வார்க்கிற வரைக்கும் வேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் திருவிழா நடந்துகொண்டேதான் இருக்கும். அதோடு சேர்த்து கபடியோ கிரிக்கெட்டோ வைப்பார்கள். ஃபுட்பால் பழக்கமுள்ள ஊரில் ஃபுட்பால். பகலில் சாமி ஊர்வலம், சாயங்காலம் மேட்ச், இராத்திரி தெருக்கூத்து. மைதானம் ஒன்று, மைக் செட் ஒன்று, கமிட்டியும் ஒன்று. நான் இங்கே பேசுவது ஃபுட்பாலைப் பற்றி. இந்த மாதிரிப் போட்டிக்கு விசில் ஊதுவது லீக் மேட்ச் ஊதுவதைப் போல இருக்காது. சட்டப் புத்தகம் அதேதான். ஆனால் ஆட்டக்காரன் கையில் காப்பு இருக்கும், கோல் கம்பத்தடியில் எலுமிச்சம்பழம் இருக்கும், கூட்டத்தில் நூறு பிள்ளைகள் கையில் ஊதல் இருக்கும், குடிக்கத் தண்ணீர் மட்டும் இருக்காது.

இந்தப் போட்டிகளில் வருகிற சண்டைகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கிறது. இரண்டு வாரம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை, ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்கிறோம். சாமி விஷயமானாலும் சரி, ஆட்ட விதியானாலும் சரி, மாநகராட்சியில் கேட்க வேண்டிய தண்ணீர் லாரியானாலும் சரி, தாமதமாகச் சொன்ன நியாயம் எதிராளிக்கு அவமானமாகத்தான் போய்ச் சேருகிறது.

முதலில் காப்பு. அம்மன் கோயில் திருவிழாவில் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் விழா முடிகிற வரை அதை அவிழ்க்க மாட்டார்கள். தீ மிதிக்கிறவர்கள், அலகு குத்திக்கொள்கிறவர்கள், கரகம் எடுக்கிறவர்கள் எல்லாருக்கும் அது விரதத்தின் அடையாளம். கால்பந்துச் சட்டத்தில் 4ஆம் விதி ஆட்டக்காரரின் உடை, உபகரணம் பற்றியது. ஆபத்தான எதையும் அணியக்கூடாது, நகைகளைக் கழற்ற வேண்டும் என்பது அதன் சாரம். சங்கிலி, மோதிரம், வளையம், கடுக்கன், தோல் பட்டை, ரப்பர் பட்டை என்று அதிலேயே பெயர் சொல்லியிருக்கிறது. மஞ்சள் தடவிய பருத்திக் கயிற்றின் பெயர் அதில் இல்லை. அங்கேதான் ரெஃப்ரி தன் புத்தியைப் பயன்படுத்த வேண்டும்.

கையை நீட்டச் சொல்லிப் பார்த்தால் தெரியும். சில காப்பு வெறும் நூல். நான்கைந்து இழை, தளர்வில்லாமல் மணிக்கட்டோடு ஒட்டியிருக்கும். அது யாரையும் காயப்படுத்தாது. சிலதில் விரல் நீளத்துக்கு மஞ்சள் கிழங்கு ஒன்று சேர்த்துக் கட்டியிருக்கும். காய்ந்த மஞ்சள் கல் மாதிரி. ஹெடிங்குக்கு எழும்பும்போது கை பக்கத்தில் இருப்பவன் புருவத்தில் பட்டால் தோல் கிழியும். ஆக, பார்க்க வேண்டியது கயிற்றை இல்லை, கயிற்றில் என்ன கோத்திருக்கிறது என்பதை. வெறும் நூல் என்றால் அதன்மேல் துணி ரிஸ்ட்பேண்ட் ஒன்றை இழுத்துவிட்டு ஆடச் சொல்லலாம் என்பது என் முடிவு. அது நகையும் இல்லை, ஆபத்தும் இல்லை. மஞ்சள் கிழங்கு இருந்தால் ஆட முடியாது. "சார், இது சாமி கயிறு சார், அவுக்கக் கூடாது" என்று அந்தப் பையன் சொல்வது உண்மை. அவனைக் கட்டாயப்படுத்தி அவிழ்க்க வைக்க ரெஃப்ரிக்கு எந்த உரிமையும் இல்லை. ஆடுவதா வேண்டாமா என்று அவன்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் அந்த முடிவை எடுக்க அவனுக்குப் பத்து நிமிஷம் போதாது. காப்புக் கட்டுகிற நாளுக்கு முன்னாலேயே கமிட்டி எல்லா டீமுக்கும் சொல்லியிருந்தால், பூசாரியிடம் ஒரு வார்த்தை சொல்லி மஞ்சள் வைக்காமல் நூலாகக் கட்டிக்கொள்வான். கேட்டால் பூசாரிகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கேட்கிறவர்தான் இருப்பதில்லை.

கார்த்திகை மாதத்தில் வைக்கிற போட்டியில் இதே பிரச்சினை ஐயப்ப மாலையாக வரும். துளசி மணியோ ருத்ராட்சமோ, மலைக்குப் போய் வருகிற வரை கழற்ற மாட்டார்கள். கழுத்தில் மணி மாலையோடு ஆட விடக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சட்டையைப் பிடித்து இழுக்கிறவன் விரல் மாலையில் மாட்டினால் இழுத்தவனுக்கு விரல், போட்டவனுக்குக் கழுத்து. டேப் ஒட்டிக்கொள்கிறேன் என்பார்கள். டேப்புக்குள்ளும் மணி மணியாகத்தானே இருக்கிறது, நெஞ்சில் பந்து வாங்கும்போது குத்தும். மாலை போட்ட சாமிகள் பலர் செருப்பும் போடமாட்டார்கள். வெறுங்காலோடு ஆடவும் சட்டத்தில் இடமில்லை. கைவைத்த ஜெர்ஸி, ஷார்ட்ஸ், சாக்ஸ், ஷின் கார்டு, காலணி இந்த ஐந்தும் கட்டாயம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய டீமில் பலர் வெறுங்காலோடு பிரான்ஸை எதிர்த்து ஆடி 2-1 என்று தோற்றது பெருமையாகச் சொல்லப்படுகிற கதை. அதை இன்றைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி வாதாடுகிறவர்களிடம், எதிராளி பூட்ஸின் அடியில் ஸ்டட் என்கிற குமிழ்கள் இருப்பதை மட்டும் காட்டினால் போதும்.

தாயத்தை மறந்துவிடக்கூடாது. அது எல்லா மதத்துக்காரர்களிடமும் உண்டு, கையில், கழுத்தில், இடுப்பில் என்று எங்கேயும் இருக்கும். செம்பு அல்லது வெள்ளிக் குழல். முனை கூர்மையாக இருக்கும். அரைஞாண் நூலாக இருந்தால் விட்டுவிடலாம், வெள்ளிக் கொடியாக இருந்தால் கழற்ற வேண்டும். சிலுவை டாலருக்கும் இதேதான். தலையில் கட்டுகிற துணி விஷயத்தில் மட்டும் தயக்கம் வேண்டாம். 2014லிருந்து சட்டம் அதை அனுமதிக்கிறது. கறுப்பாகவோ ஜெர்ஸியின் முக்கிய நிறத்திலோ இருக்க வேண்டும், ஜெர்ஸியோடு இணைந்திருக்கக் கூடாது, ஊசி குத்தி முடிச்சுப் போட்டிருக்கக் கூடாது. பெண்கள் போட்டிக்கு வருகிற பிள்ளைகளை இதைச் சொல்லித் திருப்பி அனுப்புவது பெரிய தவறு.

சோதனை எங்கே செய்வது என்பது, என்ன சோதிப்பது என்பதைவிட முக்கியம். சென்டர் லைனில் வரிசையாக நிற்க வைத்து, மைக்கில் பெயர் வாசிக்கும்போது ஒருவனின் தாயத்தைக் கழற்றச் சொன்னால் அது அவன் சாமியை அவமதித்ததாகத்தான் ஊர் எடுத்துக்கொள்ளும். ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால், அவர்கள் பூட்ஸ் கட்டுகிற மரத்தடிக்கே போய், ஒவ்வொருவராகக் கையை நீட்டச் சொல்லி, கழுத்தைப் பார்த்து, "இடுப்பில ஏதாவது இருக்காப்பா?" என்று மெதுவாகக் கேட்டுவிட வேண்டும். கழற்றியதைப் போட ஒரு துணிப்பை, அதைப் பிடித்துக்கொள்ள அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். மரியாதை கெடாமல் வேலை முடியும்.

மரபு மாறவே மாறாது என்கிறவர்களுக்கும், மரபே வேண்டாம் என்கிறவர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் பல தலைமுறைகள் பூஜையில்லாமல் கிடந்தது. 1981இல்தான் லிங்கம் மறுபடி கருவறைக்கு வந்தது. இன்றைக்குப் பிரதோஷத்துக்குப் போகிறவர்கள் யாரும் அதை நேற்று தொடங்கிய வழிபாடாக நினைப்பதில்லை. அதே கோட்டைக்குள் மசூதியும் இருக்கிறது, சர்ச்சும் இருக்கிறது. மனிதர்கள் பேசி ஒத்துக்கொண்டால் வழக்கம் வளைந்து கொடுக்கும், உடையாது. மஞ்சள் கிழங்கு இல்லாத காப்பை அம்மன் ஏற்கமாட்டாள் என்று நான் நம்பவில்லை.

மைதானத்தில் நடக்கிற பூஜை அடுத்தது. ஃபைனல் அன்றைக்குத் தேங்காய் உடைப்பார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள், சென்டர் சர்க்கிளில் கற்பூரம் ஏற்றுவார்கள், கோல் கம்பத்தின் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். இதில் எதையும் தடுக்க வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும். தேங்காய்ச் சில் ஒன்று புல்லுக்குள் கிடந்தால் ஸ்லைடிங் போடுகிறவன் தொடை கிழியும். உடைத்த பூசணியில் குங்குமத் தண்ணீர் பரவி வழுக்கும். கோல் லைனில் வைத்த எலுமிச்சையை கோல்கீப்பர் பின்வாங்கும்போது மிதித்தால் கணுக்கால் பிரளும். செயற்கைப் புல் தரையில் கற்பூரம் வைத்தால் உருகி ஓட்டை விழும், அந்த இடம் சரியாகாது. ஆகவே கார்னர் கொடியிலிருந்து பத்து மீட்டர் வெளியே ஒரு இடம் குறித்து, இரண்டு சாக்கு விரித்து, அதன்மேல் உடைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் சாக்கை அப்படியே சுருட்டித் தூக்கிவிடலாம். எலுமிச்சையை வலைக்குப் பின்னால் வைக்கலாம்.

நோன்பு மாதத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் டீம்கள் வருகிற போட்டி என்றால் கிக்-ஆஃப் நேரத்தை அவர்களைக் கேட்டு வையுங்கள். ரமலான் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும் என்பதால் போன வருஷ அட்டவணை உதவாது. ஆட்டத்துக்கு நடுவில் நோன்பு திறக்கிற நேரம் வந்தால், பந்து வெளியே போனதும் நிறுத்தித் தண்ணீர் இடைவேளை விடலாம். 7ஆம் விதி அதற்கு ஒரு நிமிஷம் வரை இடம் தருகிறது, பேரீச்சம்பழமும் ஒரு மடக்குத் தண்ணீரும் எடுத்துக்கொள்ள அது போதும். அந்த நிமிஷத்தைக் கடைசியில் சேர்த்துவிட வேண்டும். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2021இலிருந்து இப்படி நிறுத்துகிறார்கள். இரண்டு கேப்டன்களிடமும் டாஸ் போடும்போதே சொல்லிவிட்டால் எதிர் டீமும் நின்று தண்ணீர் குடிக்கும். சொல்லாமல் நிறுத்தினால், தன் அட்டாக்கை ரெஃப்ரி கெடுத்துவிட்டான் என்று நினைக்கும்.

வெயிலுக்கும் இதே விதியில் வழி உண்டு. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி 1ஆம் தேதி. அது சரியாகக் கத்திரி வெயிலுக்குள் வருகிறது. அந்த வாரத்தில் மூன்று மணிக்கு மேட்ச் வைப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம். நாலே முக்காலுக்கு ஆரம்பித்து, பாதிக்கு 35 நிமிஷம், நடுவில் பத்து நிமிஷம் என்றால் ஆறேகாலுக்குள் முடிந்துவிடும், வெளிச்சமும் இருக்கும். ஒவ்வொரு பாதியிலும் ஒன்றரை நிமிஷத்திலிருந்து மூன்று நிமிஷம் வரை உடம்பைக் குளிரவைக்கும் இடைவேளை விடலாம். பந்தை வெயிலில் போட்டு வைக்காதீர்கள், உள்ளே காற்று விரிந்து கல்லாகிவிடும். எடை 410 முதல் 450 கிராம், சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ. நம் தரைக்கு 9, 10 இருந்தால் நல்லது.

இனி விசில். கூட்டத்தில் விற்கிற ஊதல்தான் திருவிழா மேட்ச்சின் பெரிய தலைவலி. ரெஃப்ரி ஊதினார் என்று நினைத்து டிஃபெண்டர் பந்தைக் கையில் எடுத்துவிடுவான், எதிர் டீம் மொத்தமும் "பெனால்டி" என்று கத்தும். சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது: பார்வையாளர் ஊதிய விசில் ஆட்டத்தைக் குழப்பினால் நிறுத்தி, டிராப் பால் போட வேண்டும், அதாவது ரெஃப்ரியே பந்தைத் தரையில் போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்க வேண்டும். பெனால்டி கிடையாது. இதைத் தெரியாமல் பெனால்டி கொடுத்து டோர்னமென்ட்டே நின்றுபோவதுண்டு. உங்கள் விசில் தனிச் சத்தமாக இருக்கட்டும். ஃபாக்ஸ் 40 மாதிரி உள்ளே உருண்டை இல்லாத விசில் எச்சிலிலும் தூசியிலும் அடைக்காது, பம்பை உடுக்கைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு டீமுக்கும் ஒருமுறை ஊதிக் காட்டுங்கள். மைக் செட் ஹார்னை மைதானத்துக்கு முதுகு காட்டித் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். மைக் பிடிக்கிறவர் ஸ்கோர் சொல்லலாம், ஆட்டக்காரர் பெயர் சொல்லலாம். ரெஃப்ரி கொடுத்தது சரியா தப்பா என்று சொல்லக்கூடாது. இந்த ஒரு வரியைக் கமிட்டி முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டால் பாதிப் பகை குறையும்.

நாயோ ஆடோ உள்ளே ஓடி வந்து ஆட்டத்தைக் கெடுத்தாலும் டிராப் பால்தான். ஆனால் பந்து கோலுக்குள் போய்க்கொண்டிருக்கும்போது ஆடு குறுக்கே வந்து, டிஃபெண்டர் யாரையும் தடுக்காமல், பந்து உள்ளே போய்விட்டால் கோல். ஆட்டின் மேல் பட்டிருந்தாலும் கோல்தான். பந்து ரெஃப்ரி மேல் பட்டு எதிர் டீம் வசம் போனாலோ, நல்ல அட்டாக் ஆரம்பமானாலோ, கோலே ஆனாலோ நிறுத்த வேண்டும் என்பது 2019இல் வந்த மாற்றம். "ரெஃப்ரி கம்பம் மாதிரிப்பா, பட்டா ஆட வேண்டியதுதான்" என்று பழைய ஆட்டக்காரர்கள் இன்னமும் சொல்வார்கள். அவர்கள் ஆடிய காலத்தில் அது சரி. டிராப் பால் போடும்போது வாங்குகிறவனைத் தவிர மற்ற எல்லாரும் நாலு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

அதிகச் சத்தம் வருவது ஹேண்டுக்குத்தான். "இன்னா சார், கையில பட்டுச்சு, தரல?" கையில் பட்டதெல்லாம் ஹேண்ட் இல்லை. அக்குளின் அடிமட்டம் வரை தோள். அதற்குக் கீழேதான் கை. வேண்டுமென்றே தொட்டால் குற்றம். உடம்பின் அசைவுக்குத் தேவையில்லாமல் கையை விரித்து உடம்பைப் பெரிதாக்கி அதில் பட்டால் குற்றம். தற்செயலாகப் பட்டாலும், பட்டவனே அந்தக் கையாலோ, பட்ட உடனேயோ கோல் போட்டால் குற்றம். கீழே விழும்போது ஊன்றிய கையில் படுவது பெரும்பாலும் குற்றம் இல்லை. இதைக் கேப்டன்கள் கூட்டத்தில் கையை வைத்து நடித்துக் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் யாருக்கும் பதியாது.

ஆஃப்சைடில் ஓர் எச்சரிக்கை. தன் டீம் ஆள் பந்தை அடிக்கும்போதே, பந்தையும் எதிர் டீமின் கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டி எதிர் கோல் பக்கம் நின்று அதை வாங்குவதுதான் ஆஃப்சைடு. ஆளுக்கொரு லைன்ஸ்மேனை இரண்டு ஊரும் கொடுத்தால், அவர்கள் பந்து வெளியே போனதற்கு மட்டும் கொடி காட்டட்டும். ஆஃப்சைடு உங்கள் பொறுப்பு. இல்லையென்றால் ஒவ்வொரு கொடியும் ஊர்ச் சண்டை. த்ரோ, கோல் கிக், கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது என்பதை நோட்டீஸிலேயே அடியுங்கள். ஏழு பேர் ஆட்டத்தில் ஆஃப்சைடே வேண்டாம் என்று வைத்தால் அதையும். கோல்கீப்பர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிர் டீமுக்குக் கார்னர் என்பது 2025 ஜூலையிலிருந்து வந்திருக்கிறது. கடைசி ஐந்து விநாடியை ரெஃப்ரி கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். இன்னமும் நம் பக்கத்துக் கீப்பர்களுக்கு ஆறு விநாடிதான் ஞாபகம், அதுவும் யாரும் எண்ணாத ஆறு.

ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் முடிவை மாற்றவே முடியாது. தொடங்குவதற்கு முன்னால் தப்பு என்று தெரிந்தால் மாற்றலாம், மாற்றுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. லைன்ஸ்மேனைக் கூப்பிட்டுக் கேளுங்கள், கமிட்டித் தலைவரைக் கேட்காதீர்கள். முறையிட வருகிறவர்களைக் கட்டுப்படுத்த, கேப்டன் ஒருவர் மட்டும் கிட்டே வந்து பேசலாம் என்கிற ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. 2024 யூரோ கோப்பையில் அதைத்தான் செய்தார்கள். உள்ளூர்ப் போட்டிகளுக்குத் தற்காலிக வெளியேற்றத்தையும் சட்டம் அனுமதிக்கிறது: வாய்ச்சண்டைக்கு மஞ்சள் அட்டை வாங்கினால், மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் வெளியே உட்கார வேண்டும். நாற்பது நிமிஷ ஆட்டத்துக்கு ஐந்து நிமிஷம் வைக்கலாம். ஐம்பது ரூபாய் அபராதத்தைவிட இது பல மடங்கு பலிக்கிறது. ஆள் குறைந்ததும் சொந்த டீமே அவனை அடக்கும். ஒரு டீமில் ஏழு பேருக்குக் கீழே போனால் பதினொரு பேர் ஆட்டம் தொடரக் கூடாது.

மைதானக் கோடு போடுவதற்குச் சுட்ட சுண்ணாம்பை வாங்காதீர்கள். விலை குறைவு என்று வாங்கிப் போட்டால், வியர்வையோடு சேர்ந்து தோல் வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கோலத்துக்கு விற்கிற கல் மாவு போதும். 90க்கு 60 மீட்டர் மைதானம் என்றால் எல்லாக் கோடும் சேர்த்து ஏறக்குறைய 650 மீட்டர் வரும். மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க 3, 4, 5 மீட்டர் கயிறு முக்கோணம். பிறகு குறுக்காக அளந்தால் இரண்டு பக்கமும் 108 மீட்டர் 17 சென்டிமீட்டர் வர வேண்டும். கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 உயரம், பெனால்டி புள்ளி 11 மீட்டர், பாக்ஸ் 16.5. சவுக்குக் கம்பு நட்டால் முக்கால் மீட்டராவது மண்ணுக்குள் போகட்டும். மேலே கயிறு கட்டி ஆடக்கூடாது. குறுக்குக் கம்பு உடைந்தால் சரி செய்கிற வரை நிறுத்த வேண்டும், சரி செய்ய முடியாவிட்டால் ஆட்டம் ரத்து. அதற்காகவே ஒரு கம்பு உபரியாக வாங்கிப் போடுங்கள்.

இதெல்லாம் நம் கையில் இருப்பவை. மைதானமும் தண்ணீரும் அரசாங்கத்தின் கையில். யாரைக் கேட்பது என்பதிலேயே பாதி நாள் போய்விடும். பள்ளி மைதானம் என்றால் தலைமையாசிரியர். மாநகராட்சி இடம் என்றால் அந்த வார்டு எந்த மண்டலத்தில் வருகிறதோ அந்த மண்டல அலுவலகம். வேலூரில் 60 வார்டு, 4 மண்டலம். காய்ந்த ஏரியில் ஆடுவதானால், 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது, சின்னது ஊராட்சி ஒன்றியத்துடையது. கவுன்சிலரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி, அவரும் சரி என்று தலையாட்டி, அன்றைக்கு லாரி வராவிட்டால் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. மனுவாகக் கொடுங்கள், மூன்று வாரம் முன்னால்.

மனு ஒரு பக்கம் போதும். தேதி, நேரம், இடம், எத்தனை டீம், எவ்வளவு கூட்டம், பொறுப்பாளர் இருவர் பெயர், கைபேசி எண். பிறகு வேண்டியதை அளவோடு எழுதுங்கள். "போதிய குடிநீர் வசதி" என்று எழுதினால் எதுவும் வராது. நாளைக்கு நாலு மேட்ச், மேட்சுக்கு 22 பேர், ஆளுக்கு 3 லிட்டர் என்றால் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் 264 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் பதினாலு. அதற்கு மேல் பொதுமக்களுக்கு ஒரு டேங்கர், சாயங்காலம் நாலு மணிக்கு. நடமாடும் கழிப்பறை எத்தனை, அதில் பெண்களுக்கு எத்தனை. எரியாத தெருவிளக்கின் கம்பத்து எண். குப்பை வண்டி மறுநாள் காலை எத்தனை மணிக்கு. இப்படி எழுதினால் அந்தக் காகிதத்தைப் பிரித்து ஆளுக்கொரு வேலையாகக் கொடுக்க அதிகாரிக்கு எளிது. இரண்டு பிரதி எடுத்துப் போய், தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் தனி மனு. இராத்திரி 10 முதல் காலை 6 வரை கூடாது என்பதை மைக் செட்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

பதில் வராவிட்டால் திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. முத்திரை போட்ட பிரதியின் நகலை வைத்து மனு கொடுத்தால் அதற்கு ஓர் எண் தருவார்கள். 1100க்குப் போன் செய்தாலும் புகாருக்கு எண் உண்டு. அதை எழுதி வையுங்கள். எல்லாம் முடிந்து, போட்டியும் முடிந்து, கேட்டது எதுவுமே வராமல் போயிருந்தால் அத்தோடு விடக்கூடாது. அடுத்த வருஷமும் திருவிழா வரும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். அதில் "ஏன் தண்ணீர் தரவில்லை?" என்று எழுதாதீர்கள். ஏன் என்பதற்குப் பதில் தர அந்தச் சட்டத்தில் கட்டாயம் இல்லை, அதைச் சொல்லியே திருப்பிவிடுவார்கள். "இன்ன தேதியிட்ட என் மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் தருக" என்று கேளுங்கள். முப்பது நாளைக்குள் தந்தாக வேண்டும்.

நிரந்தரமாக விளக்குக் கம்பமோ கழிப்பறையோ வேண்டுமென்றால் ஊராட்சியில் கிராம சபைதான் வழி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. கூட்டத்தில் எழுந்து பேசினால் மட்டும் போதாது. தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வெறும் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

அரசு ஊழியர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அவர்கள் வேலையும் ரெஃப்ரி வேலைதான். கொடுத்தாலும் ஒருவர் திட்டுவார், கொடுக்காவிட்டாலும் ஒருவர் திட்டுவார். அந்தச் சங்கடம் புரிகிறது. ஆனால் முடிவே சொல்லாமல் "அப்புறம் வாங்க" என்பது, ஃபவுலைக் கண்ணால் பார்த்துவிட்டு விசிலை வாயிலேயே வைத்திருப்பதற்குச் சமம். இல்லை என்றால் இல்லை என்று எழுத்தில் சொல்லட்டும், நாம் தனியாரிடம் டேங்கர் பேசிக்கொள்வோம். அதைச் செய்கிற ஊழியர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் உட்கார்ந்திருக்கிற அலுவலகத்தில் நாலு நாளில் வேலை முடிகிறது.

அடிபட்டால் 108. ஆனால் வண்டி உள்ளே வர வழி இருக்க வேண்டுமே. திருவிழாக் கடைகளை மைதானத்து நுழைவாயில் வரை போட விடாதீர்கள். ஒரு பக்கம் முழுசாகக் காலியாக இருக்கட்டும். அதோடு ஒரு காரும் டிரைவரும் கடைசி மேட்ச் முடிகிற வரை அங்கேயே நிற்கட்டும். தலையில் அடிபட்டு ஒரு விநாடி நினைவு தப்பியவனையும் திரும்ப ஆட விடாதீர்கள், அவன் கெஞ்சினாலும், அவன் ஊரே கெஞ்சினாலும். வெயிலில் சுருண்டவனை நிழலில் படுக்க வைத்து, அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

கோப்பை கொடுத்து, கூட்டம் கூத்துப் பார்க்கப் போன பிறகு மைதானத்தில் ஒரு மணி நேர வேலை பாக்கி இருக்கும். சாக்கைச் சுருட்டியது போக ஏதாவது சில் கிடக்கிறதா என்று பத்துப் பேர் கை கோத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு டார்ச் அடித்து நடக்க வேண்டும். சவுக்குக் கம்பைப் பிடுங்கிய குழியில் மண்ணைப் போட்டு மிதித்து, தண்ணீர் ஊற்றி, ஊறியதும் இன்னொரு முறை மண் போட்டு மிதிக்க வேண்டும். பள்ளி மைதானமாக இருந்தால் திங்கட்கிழமை காலை அந்த இடத்தில்தான் பிள்ளைகள் பிரேயருக்கு ஓடி வந்து நிற்பார்கள்.